2, 16, 272: முடிவிலிக்குள் தப்ப முடியாத கோலங்கள்

கல்லூரியில் ஓரிரு ஆண்டு கணிதம் படித்தவர்கள் டேஞ்சன்ட் சார்பின் தொடர்விரிவைப் பார்த்திருப்பார்கள். அதில் முதல் படியின் கெழு 1. மூன்றாம் படியின் கெழு 1/3. அதை 1×2×3, அதாவது 6-ஆல் பெருக்கினால் 2. ஐந்தாம் படியின் கெழு 2/15. அதை 120-ஆல் பெருக்கினால் 16. ஏழாம் படியில் 17/315; 5040-ஆல் பெருக்கினால் 272. இப்படி 1, 2, 16, 272 என்று ஒரு வரிசை கிடைக்கிறது. கோணங்களோடு பழகுகிறவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

1979-ல் டெனிஸ் டெவ்லின் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வேட்டிலும் இதே எண்கள் வந்து நின்றன. அங்கே கோணமும் இல்லை, முக்கோணமும் இல்லை. அவர் செய்தது பின்னங்களுக்கு நிறம் பூசும் வேலை. எவ்வளவு தாறுமாறாக நிறம் பூசினாலும் ஒழிக்க முடியாத ஒழுங்கு எவ்வளவு என்று தேடினார். எவ்வளவுதான் பொறுக்கி எடுத்தாலும் ஒழிக்க முடியாத கலப்பு எவ்வளவு என்பதும் கூடவே தெரிந்தது. பின்னங்களில் இந்தக் கேள்விக்கான விடைதான் 2, 16, 272.

இந்தக் கட்டுரை அந்த எண்களுக்குப் போய்ச் சேரும் வழியைப் பற்றியது. வழி சற்றுச் சுற்றுத்தான். பின்னங்களைவிடப் பெரிய முடிவிலிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வர வேண்டும்.

பந்தியில் ஆறு பேர்

தொடங்கவேண்டியது பிராங்க் ராம்சேயிடம். கேம்பிரிட்ஜ்காரர். கணிதம், தத்துவம், பொருளாதாரம் மூன்றிலும் பெயர் பதித்துவிட்டு 1930 ஜனவரியில், 26 வயதில் இறந்துபோனார். அந்த ஆண்டு அச்சான அவருடைய கட்டுரை தர்க்கவியல் சார்ந்தது. ஒரு குறிப்பிட்ட வகைத் தர்க்க வாக்கியங்கள் முரணில்லாதவையா என்று இயந்திரம்போலச் சோதித்துச் சொல்ல வழி உண்டா என்பது அவர் கேள்வி. நடுவில் ஒரு கருவி தேவைப்பட்டது, அதற்காக ஒரு தேற்றத்தை நிறுவினார். இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்பது அந்தக் கருவிதான்.

சின்ன உதாரணம். கல்யாணப் பந்தியில் ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். யார் இருவரை எடுத்தாலும் ஏற்கெனவே அறிமுகமானவர்கள், அல்லது இதுவரை பார்த்தே இராதவர்கள். அப்படியானால் அந்த ஆறு பேருக்குள் தங்களுக்குள் அறிமுகமான மூவர் இருப்பார்கள். இல்லையென்றால் ஒருவரையொருவர் அறியாத மூவர் இருப்பார்கள். ஏன்? ஒருவரைத் தனியாக எடுங்கள். மிச்சம் ஐந்து பேரில் குறைந்தது மூன்று பேரை அவருக்குத் தெரியும், அல்லது குறைந்தது மூன்று பேரைத் தெரியாது. தெரியும் என்றே வைத்துக்கொள்வோம். அந்த மூவரில் ஏதாவது இருவர் அறிமுகமானவர்கள் என்றால் இவரைச் சேர்த்து மூவர் கிடைத்துவிட்டார்கள். அப்படி ஒரு ஜோடியும் இல்லை என்றால் அந்த மூவரே ஒருவரையொருவர் அறியாதவர்கள். முடிந்தது.

மூவருக்குப் பதில் நால்வர் வேண்டும் என்றால் 18 பேர் வேண்டும். ஐவர் வேண்டும் என்றால்? அங்கே கணிதமே திணறுகிறது. விடை 43-க்குக் குறையாது, 46-க்கு மேல் போகாது. அதற்கு மேல் இன்றுவரை தெரியாது. 46 என்ற எல்லைகூட 2024-ல்தான் எட்டப்பட்டது. கணினியை முடுக்கிவிட்டு எல்லா வாய்ப்பையும் பார்த்துவிடலாமே என்று தோன்றும். 43 பேருக்குள் 903 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு வாய்ப்பு. 2-ஐ 903 முறை பெருக்கிப் பாருங்கள்.

ஆனால் முடிவிலிக்குள் போய்விட்டால் கணக்கு எளிதாகிவிடுகிறது. ராம்சேயும் தம் கட்டுரையில் முடிவிலாக் கணத்துக்கான தேற்றத்தைத்தான் முதலில் வைக்கிறார்.

0, 1, 2, 3 என்று எண்கள் வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கின்றன. எந்த இரண்டு எண்ணுக்கு நடுவிலும் ஒரு நூல் கட்டுங்கள், சிவப்போ நீலமோ உங்கள் இஷ்டம். தேற்றம் சொல்வது இதுதான்: நீங்கள் எப்படிக் கட்டினாலும், தங்களுக்குள் ஒரே நிற நூல் மட்டுமே கொண்ட முடிவில்லாத எண்களை அதற்குள்ளிருந்து பொறுக்கி எடுத்துவிடலாம்.

நிறுவல் இப்படிப் போகும். 0-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து முடிவில்லாத நூல்கள் போகின்றன. ஆகவே ஏதாவது ஒரு நிறத்திலாவது முடிவில்லாத நூல்கள் இருந்தாக வேண்டும். அந்த நிறத்தில் 0-உடன் கட்டப்பட்டவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் தூக்கிப் போடுங்கள். மிஞ்சியதில் முதல் எண்ணை எடுத்து அதையே திரும்பச் செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் கை நிறைய எறிகிறோம், ஆனாலும் கையில் முடிவிலி மிஞ்சுகிறது. இப்படிப் போனால் ஒரு வரிசை கிடைக்கும். அதில் ஒவ்வொரு எண்ணும் தனக்குப் பின்னால் வரும் எல்லோரோடும் ஒரே நிற நூலால் கட்டப்பட்டிருக்கும். சிலருக்கு அது சிவப்பு, சிலருக்கு நீலம். இந்த இரண்டு கட்சியில் ஒன்றிலாவது முடிவில்லாத பேர் இருப்பார்கள். அந்தக் கட்சியை மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

ஜோடிக்குப் பதில் மும்மூன்றாக, நான்குநான்காக எடுத்து நிறம் பூசினாலும், இரண்டுக்குப் பதில் நூறு நிறம் வைத்தாலும் இதே தேற்றம் நிற்கும். இவ்வளவு தாராளமாக ஒரு தேற்றம் கிடைத்தால் எங்கோ விலை கொடுத்திருக்கிறோம் என்று சந்தேகப்பட வேண்டும். விலை உண்டு. எந்த எண்கள் மிஞ்சும் என்பது நம் கையில் இல்லை. கோடிக்கணக்கில் இடைவெளி விட்டு விட்டுத்தான் மிஞ்சக்கூடும். இங்கே அது உறுத்துவதில்லை. ஏனென்றால் 0, 1, 2 வரிசையிலிருந்து எந்த முடிவிலாப் பகுதியை எடுத்தாலும் அது மறுபடி அதே வரிசையைப் போலத்தான் இருக்கும்: ஒரு முதல் ஆள், அவருக்கு அடுத்தவர், அவருக்கும் அடுத்தவர். முழுதில் இருந்த வடிவம் பகுதியிலும் அப்படியே இருக்கிறது.

எல்லா முடிவிலியும் இப்படி இல்லை. மிஞ்சுவதில் எண்ணிக்கையோடு வேறு ஏதாவதும் இருக்க வேண்டும் என்று நாம் கேட்கும்போதுதான் விஷயம் சூடு பிடிக்கிறது.

மெய்யெண்களில் கவிழ்ந்த கணக்கு

முதல் அடி 1933-ல் விழுந்தது. கொடுத்தவர் போலந்துக்காரரான வாட்ஸ்வாஃப் ஷெர்பின்ஸ்கி.

எண்கோட்டில் உள்ள எல்லாப் புள்ளிகளும் சேர்ந்தவை மெய்யெண்கள். அவற்றை ஒன்று, இரண்டு என்று எண்ணி ஒரு பட்டியலில் அடக்க முடியாது என்று ஜெர்மன் கணிதவியலர் கேன்டர் 19-ஆம் நூற்றாண்டிலேயே காட்டிவிட்டார். பின்னங்களை அடக்கலாம், மெய்யெண்களை முடியாது. ஆக முடிவிலியிலும் சிறிசு பெரிசு உண்டு. இயல் எண்கள், பின்னங்கள் போன்றவற்றின் அளவுக்கு அலெஃப் பூஜ்யம் என்று பெயர். அதற்கு அடுத்த அளவு அலெஃப் ஒன்று. எண்ணி முடிக்க முடியாத முடிவிலிகளில் இதுதான் ஆகச் சிறியது.

இப்போது கேள்வி: மெய்யெண் ஜோடிகளுக்கு இரண்டு நிறம் பூசினால், ஒரே நிறமுள்ள, பட்டியலில் அடங்காத ஒரு கூட்டம் கிடைத்தாக வேண்டுமா? கிடைக்காதபடி பூச முடியும் என்றார் ஷெர்பின்ஸ்கி. அவருடைய உத்தி, இந்தத் துறையில் எனக்குப் பிடித்த குறும்பு. மெய்யெண்களுக்கு வழக்கமான ஒரு வரிசை உண்டு, சிறியது முன்னே பெரியது பின்னே. இன்னொரு வரிசையும் உண்டு என்று 1904-ல் செர்மெலோ நிறுவியிருந்தார். அந்த வரிசையில் எந்தப் பகுதியை எடுத்தாலும் அதில் முதலில் நிற்கும் ஆள் ஒருவர் கட்டாயம் இருப்பார். இதை நல்வரிசை என்று சொல்லலாம். மெய்யெண்களின் நல்வரிசை ஒன்றையும் யாரும் கண்ணால் கண்டதில்லை. நிறுவாமலே ஏற்றுக்கொண்டு தொடங்கும் விதிக்கு அடிகோள் என்று பெயர். எத்தனை கூட்டங்கள் இருந்தாலும் ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது தேர்வு அடிகோள். அதை ஒப்புக்கொண்டால் நல்வரிசை இருக்கிறது, அவ்வளவுதான். சரி, இரண்டு வரிசையும் கையில் இருக்கட்டும். ஒரு ஜோடியை எடுங்கள். இரண்டு வரிசையிலும் அவர்கள் ஒரே மாதிரி முன்பின் நின்றால் சிவப்பு. ஒன்றில் முன்னே நிற்பவர் மற்றதில் பின்னே நின்றால் நீலம்.

முழுக்கச் சிவப்பான பெரிய கூட்டம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் நல்வரிசைப்படி ஒவ்வொருவருக்கும் அடுத்தவர் என்று ஒருவர் உண்டு. சிவப்பு என்பதால் அந்த அடுத்தவர் எண்கோட்டிலும் வலப்பக்கம்தான் நிற்பார். இருவருக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் ஒரு பின்னத்தைப் பிடித்து வைக்கலாம். இடைவெளிகள் ஒன்றோடொன்று மோதாதவை. ஆகவே ஆளுக்கு ஒரு தனிப் பின்னம் கிடைத்துவிடும். ஆனால் பின்னங்கள் பட்டியலில் அடங்குபவை. அப்படியென்றால் கூட்டமும் பட்டியலில் அடங்கிவிட்டது. நீலத்துக்கும் இதே வாதம், கண்ணாடியில் பார்த்தாற்போல.

இரண்டே நிறத்தில் ராம்சே கவிழ்ந்துவிட்டார். மீட்க வேண்டுமென்றால் கடலைப் பெரிதாக்க வேண்டும். பால் எர்டிஷும் ரிச்சர்ட் ராடோவும் 1956-ல் வெளியிட்ட நீண்ட கட்டுரையில் அந்தக் கணக்கு இருக்கிறது. மெய்யெண்களின் அளவுக்கு அடுத்த பெரிய முடிவிலியை எடுத்துக்கொண்டால், அதன் ஜோடிகளுக்கு எப்படி நிறம் பூசினாலும் அலெஃப் ஒன்று அளவுள்ள ஒரே நிறக் கூட்டம் கட்டாயம் அகப்படும். வலை போடும் குளத்தை அகலமாக்கினால் வேண்டிய மீன் கிடைக்கும் என்பதுபோல. இந்த எர்டிஷ்–ராடோ தேற்றத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எதிர்பாராத இடத்தில் திரும்ப வரும்.

முழு அளவும் திரும்பக் கிடைக்க வேண்டும், அதாவது கூட்டமும் மூலக் கணத்தின் அளவே இருக்க வேண்டும் என்று கேட்டால்? இயல் எண்களில் அது நடந்தது. அதைவிடப் பெரிய முடிவிலி எதிலாவது நடக்குமா? அப்படி ஒன்று இருக்கிறது என்பதைக் கணிதத்தின் வழக்கமான அடிகோள்களைக் கொண்டு நிறுவவே முடியாது. அவ்வளவு பிரம்மாண்டமான முடிவிலி அது. ஒரு சாதாரண நிறம் பூசும் கேள்வி கணிதத்தின் விளிம்பில் கொண்டுபோய் விட்டுவிடுகிறது.

இதற்கு நேர் எதிர்த்திசையில் கடைசி வரை போனவர் செர்பியாவில் வளர்ந்த ஸ்டெவோ தொடோர்செவிச். அலெஃப் ஒன்று அளவுள்ள கணத்தின் ஜோடிகளுக்கு அலெஃப் ஒன்று நிறங்களைக் கொண்டு இப்படிப் பூசலாம் என்று 1987-ல் காட்டினார்: அதே அளவுள்ள எந்தப் பகுதியை எடுத்தாலும் எல்லா நிறமும் அதில் இருக்கும். ஒரு நிறம் மட்டும் மிஞ்ச வேண்டும் என்ற ஆசையை விடுங்கள், ஒரு நிறத்தைக்கூட ஒதுக்க முடியாது. இங்கே தப்ப முடியாதது ஒழுங்கின்மைதான்.

இடையில் ஒரு சின்ன விலகல். ஜோடி, மும்மை எல்லாம் விட்டுவிட்டு, இயல் எண்களின் முடிவிலாப் பகுதிகளுக்கே நிறம் பூசினால் என்ன ஆகும்? தேர்வு அடிகோள் கையில் இருந்தால் அதையும் கெடுக்கலாம், மூன்று வரியில். முடிவுள்ள எண்ணிக்கையில் மட்டும் உறுப்புகள் வேறுபடும் பகுதிகளை எல்லாம் ஒரு குடும்பம் என்று வையுங்கள். குடும்பத்துக்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு பகுதியும் தன் தலைவரிடமிருந்து எத்தனை உறுப்புகளில் வேறுபடுகிறது என்று எண்ணி, இரட்டையானால் சிவப்பு, ஒற்றையானால் நீலம் பூசுங்கள். எந்தப் பகுதியிலிருந்தும் ஒரே ஒரு எண்ணை எடுத்துவிட்டால் நிறம் மாறிவிடும். ஆக ஒரே நிறமாக மிஞ்சும் முடிவிலாக் கணம் என்று ஒன்று இருக்கவே முடியாது. ஆனால் கண்ணால் பார்க்கக்கூடிய, எழுதிக் காட்டக்கூடிய வகையில் நிறம் பூசினால் ஒழுங்கு திரும்பி வந்துவிடும் என்று 1973-ல் ஃப்ரெட் கேல்வினும் கேரல் பிரிக்ரியும் நிறுவினார்கள். கோளாறு செய்வது கையில் பிடிபடாத அந்தத் தலைவர் தேர்தல்தான்.

பின்னங்களுக்குத் திரும்புவோம்

பின்னங்கள் அளவில் சிறியவை, அலெஃப் பூஜ்யம். ஆகவே ராம்சே தேற்றம் அப்படியே பொருந்தும். ஒரே நிறமுள்ள முடிவிலாக் கூட்டம் கிடைக்கும். ஆனால் கிடைப்பது 1/2, 2/3, 3/4 என்பதுபோல ஒற்றைச் சரமாக இருக்கலாம். பின்னங்களின் குணமே வேறு. எந்த இரண்டுக்கு நடுவிலும் இன்னொன்று இருக்கும், முதலும் கிடையாது, கடைசியும் கிடையாது. அந்த அடர்த்தியும் மிஞ்ச வேண்டும், அதாவது மிஞ்சுவது பின்னங்களின் ஒரு நகலாகவே இருக்க வேண்டும் என்று கேட்டால் என்ன ஆகும்?

ஷெர்பின்ஸ்கியின் குறும்பு இங்கேயும் வேலை செய்கிறது. பின்னங்களை ஒரு பட்டியலில் போடுங்கள். பட்டியல் வரிசையும் எண்கோட்டு வரிசையும் ஒத்துப்போனால் சிவப்பு, மாறினால் நீலம். ஒரு நகல் முழுக்கச் சிவப்பாக இருந்தால், அதில் ஒவ்வொருவருக்கும் இடப்பக்கம் நிற்பவர்கள் எல்லாம் பட்டியலிலும் அவருக்கு முன்னால் வந்தவர்கள். அவர்கள் எண்ணிக்கை முடிவுள்ளது. அடர்த்தியான வரிசையில் அது நடக்காது. நீலமும் அப்படியே. ஆகவே எந்த நகலிலும் இரண்டு நிறமும் இருந்தே தீரும்.

இது கெட்ட செய்தி. நல்ல செய்தி, இதைவிட மோசமாகாது என்பது. நூறு நிறத்தில் பூசினாலும், ஆயிரம் நிறத்தில் பூசினாலும், இரண்டே நிறம் மிஞ்சும் ஒரு நகலை எடுத்துவிடலாம் என்று கேல்வின் நிறுவினார். ஒன்றாகச் சுருக்க முடியாது. இரண்டாகச் சுருக்கலாம், எப்போதும். ஜோடிகளுக்கு 2. மும்மூன்றாக எடுத்தால் 16. நான்குநான்காக எடுத்தால் 272. இரண்டாவது, மூன்றாவது எண்களும் அதற்கு மேலும் உள்ள எல்லா எண்களும் டெவ்லின் ஆய்வேட்டில் இருந்து வருகின்றன. அவருக்கு முன்பே ரிச்சர்ட் லேவர், இந்த எண்ணிக்கை எப்போதும் முடிவுள்ளதுதான் என்பதைக் கண்டிருந்தார்.

ஏன் 16? இதைக் கையால் எண்ணிப் பார்க்கலாம். ஒரு மரத்தைக் கற்பனை செய்யுங்கள். அடியிலிருந்து ஒவ்வொரு கணுவிலும் இடது, வலது என்று இரண்டாகப் பிரிந்து மேலே போய்க்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு பின்னத்துக்கும் இந்த மரத்தில் ஒரு கணுவை ஒதுக்கலாம். இடப்பக்கம் இருப்பது சிறியது. கொஞ்சம் கவனமாகப் பொறுக்கினால், ஒன்று மற்றொன்றின் மேல் நேராக ஏறி நிற்காதபடியும், எந்த இரண்டு நுனியும் எந்த இரண்டு கவடும் ஒரே மட்டத்தில் வராதபடியும் ஒரு நகலை எடுக்க முடியும். நுனிதான் நம் பின்னம். கவடு என்பது இரண்டு நுனிக்குப் போகும் வழிகள் பிரியும் இடம்.

இப்போது இரண்டு பின்னங்களை எடுங்கள். அடியில் ஒரு கவடு, மேலே இரண்டு நுனி. இடது நுனி தாழ்ந்திருக்கலாம், அல்லது வலது நுனி. இரண்டே வடிவம். இந்த இரண்டுக்கும் ஆளுக்கொரு நிறம் கொடுத்தால் அதுதான் முன்னே பார்த்த சிவப்பும் நீலமும்.

மூன்று பின்னங்கள் என்றால் இரண்டு கவடு, மூன்று நுனி. ஐந்தும் வெவ்வேறு மட்டத்தில். ஆக அடியில் இருப்பது முதல் கவடு, அதில் மாற்றமில்லை. அதன் ஒரு பக்கம் தனி நுனி, மறுபக்கம் இன்னொரு கவடும் இரண்டு நுனியும். எந்தப் பக்கம் எது என்பதற்கு 2 வழி. தனி நுனி மிச்சமுள்ள 4 மட்டங்களில் எதிலும் நிற்கலாம். மறுபக்கத்து இரண்டு நுனியில் எது தாழ்ந்தது என்பதற்கு 2 வழி. 2×4×2 = 16.

நான்கு பின்னங்களுக்கு முதல் கவட்டின் ஒரு பக்கம் தனி நுனியும் மறுபக்கம் மூன்றும் போகலாம்; அதற்கு 2×6×16 = 192. இரண்டு பக்கமும் இரண்டிரண்டாகவும் போகலாம். மிச்சமுள்ள ஆறு மட்டத்தில் இடப்பக்கத்துக்கு மூன்றைத் தேர்ந்தெடுக்க 20 வழி, பிறகு பக்கத்துக்கு 2 வடிவம்; 20×2×2 = 80. கூட்டினால் 272.

டேஞ்சன்ட் ஏன் உள்ளே வந்தது என்பதும் இப்போது தெரியும். டேஞ்சன்ட்டின் வகைக்கெழு, 1 கூட்டல் டேஞ்சன்ட்டின் வர்க்கம். நம் மரம் ஒன்று தனி நுனியாக இருக்கும், அல்லது ஒரு கவட்டின் மேல் இரண்டு மரமாக இருக்கும். அந்தத் தனி நுனிதான் 1. இரண்டு மரம்தான் வர்க்கம். ஒரே சமன்பாட்டை ஒன்று கோணத்தின் மொழியில் சொல்கிறது, மற்றது மரத்தின் மொழியில் சொல்கிறது. முதன்முறை இதைப் பார்த்தபோது நான் நான்கு பின்னங்களுக்கான மரங்களை ஒவ்வொன்றாக வரையத் தொடங்கி நாற்பதோ ஐம்பதோ தாண்டியதும் கைவிட்டேன். கூட்டல் கணக்கே போதும்.

இல்லாத உலகத்துக்குப் போய்த் திரும்புவது

வடிவங்கள் 16 என்பதை எண்ணிவிட்டோம். ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரே நிறம் மிஞ்சும்படி நகலைச் சலித்து எடுக்க முடியும் என்பதை நிறுவுவதுதான் கடினம். அதற்கு ஆதாரமான தேற்றம் 1966-ல் ஜேம்ஸ் ஹால்பெர்னும் ஹான்ஸ் லொய்க்லியும் வெளியிட்டது. சில மரங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு மரத்திலும் ஒரே மட்டத்தில் ஒரு கணு என்று எடுத்துச் சேர்த்த ஒவ்வொரு கூட்டுக்கும் நிறம் பூசியிருக்கிறது. அப்படியானால் மரத்துக்கு ஒன்றாக, வேண்டிய அளவு கிளை பிரியும் உள்மரங்களை எடுத்து, அவற்றின் பொது மட்டங்களில் உள்ள கூட்டுகள் எல்லாம் ஒரே நிறமாக இருக்கும்படி செய்யலாம். சொல்ல எளிது, முதல் நிறுவல் படிப்பவரை உலுக்கிவிடும். இந்தத் தேற்றம் பிறந்ததே பின்னங்களுக்காக அல்ல. தேர்வு அடிகோளைவிட வலுக்குறைந்த ஒரு விதியிலிருந்து அந்த அடிகோளைப் பெற முடியாது என்று காட்டும் வேலைக்காக அது தேவைப்பட்டது. ராம்சேக்கு நடந்தது இங்கேயும் நடந்தது: தர்க்கத்துக்காகச் செய்த கருவி ஒழுங்கைத் தேடப் பயன்பட்டது.

இதே தேற்றத்துக்கு லியோ ஹாரிங்டன் கண்டுபிடித்த இன்னொரு நிறுவல் உண்டு. அவர் அதை அச்சிடவில்லை; வாய்மொழியாகவே பரவியது. அதில்தான் கணக் கோட்பாட்டின் ஆகப்பெரிய கருவி களத்தில் இறங்குகிறது. பெயர் ஃபோர்சிங். 1963-ல் பால் கோஹென் உண்டாக்கியது. இருக்கிற கணித உலகத்தில் இல்லாத புதிய பொருள்களைச் சேர்த்து இன்னொரு உலகத்தைக் கட்டும் முறை அது. புதிய பொருளைப் பற்றி எந்தக் கட்டத்திலும் நமக்குத் தெரிவது முடிவுள்ள ஒரு துண்டுதான். அந்தத் துண்டுகளே முழுப் பொருளின் குணங்களைத் தீர்மானித்துவிடுகின்றன. கோஹென் இதைக் கொண்டு, மெய்யெண்களின் அளவு அலெஃப் ஒன்றுதானா என்ற கேள்வியை வழக்கமான அடிகோள்களால் தீர்க்க முடியாது என்று காட்டினார்.

ஹாரிங்டன் செய்தது வேறு. மரங்களின் உச்சி வரை போகும் புதிய கிளைகளை, எண்ணில் அடங்காத அளவில், ஃபோர்சிங் மூலம் கற்பனையில் சேர்த்தார். அந்தக் கிளைகள் சந்திக்கும் மட்டங்களில் என்ன நிறம் பெரும்பான்மை என்று கேட்டார். விடையைத் தீர்மானிக்கும் முடிவுள்ள துண்டுகள் ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கும். அவற்றில் ஒத்துப்போகும் கூட்டம் ஒன்றைப் பிடிக்க எர்டிஷ்–ராடோ தேற்றத்தை வீசினார். கிளைகள் ஏன் அவ்வளவு அதிகமாக வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். குளம் அகலமாக இருந்தால்தான் அந்த வலையில் மீன் படும். ஒத்துப்போகும் துண்டுகள் கிடைத்ததும் புதிய உலகத்தை மறந்துவிடலாம். துண்டுகள் முடிவுள்ளவை, பழைய மரத்திலேயே இருப்பவை. அவற்றை வைத்து அடுத்த மட்டத்தைக் கண்டுபிடித்து, மறுபடி அதற்கடுத்த மட்டம் என்று ஏறிக்கொண்டே போகலாம். நிறுவலின் முடிவில் கையில் இருப்பது சாதாரணக் கணிதம். இல்லாத ஊருக்குப் போய், அங்கே வழி கேட்டுக்கொண்டு, சொந்த ஊரிலேயே வீட்டைக் கண்டுபிடித்ததுபோல.

ஹாரிங்டனுக்கு இந்தப் பக்கம் இன்னொரு பங்கும் உண்டு. 1977-ல் அவரும் ஜெஃப் பாரிசும் முடிவுள்ள ராம்சே தேற்றத்தில் ஒரு சின்ன நிபந்தனை சேர்த்தார்கள்: கிடைக்கும் ஒரே நிறக் கூட்டத்தின் உறுப்புகளின் எண்ணிக்கை, அதிலுள்ள ஆகச் சிறிய எண்ணைவிடக் குறையக் கூடாது. முழுக்க முழுக்க முடிவுள்ள எண்களைப் பற்றிய வாக்கியம் அது, உண்மையும்கூட. முடிவிலா ராம்சே தேற்றத்திலிருந்து சட்டென்று வந்துவிடும். ஆனால் இயல் எண்களுக்கான வழக்கமான அடிகோள்களை (பியானோ என்ற கணிதவியலர் பெயரில் வழங்குபவை) மட்டும் கொண்டு அதை நிறுவ முடியாது என்று காட்டினார்கள். முடிவிலி வழியாகச் சுற்றிப் போவது சில இடங்களில் சௌகரியம் மட்டும் இல்லை, கட்டாயம்.

பின்னங்களை விட்டு வலைப்பின்னல்களுக்கு வருவோம். புள்ளிகளுக்கு நடுவில் கோடுகள். அலெஃப் பூஜ்யம் புள்ளிகளை எடுத்து, ஒவ்வொரு ஜோடிக்கும் காசைச் சுண்டி, தலை விழுந்தால் கோடு, பூ விழுந்தால் கோடில்லை என்று வைத்தால், எத்தனை தடவை செய்தாலும் ஏறக்குறைய நிச்சயமாக ஒரே வலைதான் கிடைக்கும். ராடோ வலை என்று அதற்குப் பெயர். முடிவுள்ள எந்த வலையை நினைத்தாலும் அது இதற்குள் இருக்கும். இதன் கோடுகளுக்கு நிறம் பூசி, ராடோ வலையின் ஒரு நகலை எடுக்க முயன்றால் மறுபடி 2 நிறம் வரை இறக்கலாம். அதற்குக் கீழே இறங்காது. பெரிய வடிவங்களுக்கும் இந்த எண்ணிக்கை முடிவுள்ளது என்று நோர்பர்ட் சவர் 2006-ல் காட்டினார்.

அப்புறம் ஒரு தடை வந்தது. ராடோ வலைக்கு ஒரு தம்பி உண்டு, 1971-ல் வார்ட் ஹென்சன் அறிமுகப்படுத்தியது. முக்கோணமே இல்லாத முடிவுள்ள வலைகள் எல்லாம் இதற்குள் இருக்கும், இதிலும் முக்கோணம் இராது. "முக்கோணம் கூடாது" என்ற அந்த ஒற்றைத் தடை பழைய மரங்களை எல்லாம் செல்லாக்காசாக்கிவிட்டது. மரத்தில் ஒரு கிளையை நம் இஷ்டத்துக்கு நீட்டினால் எங்கோ மேலே ஒரு முக்கோணம் விழுந்துவிடும். புள்ளிகளுக்கு நிறம் பூசும் கேள்வியை 1986-ல் பேட்டர் கோம்யாத்தும் வோய்ட்டெக் ரோடலும் தீர்த்தார்கள். கோடுகளுக்கு 2 என்று 1998-ல் சவர் சொன்னார். அதற்கு மேல் இருபது ஆண்டு நகரவில்லை. அமெரிக்கக் கணிதவியலர் நடாஷா டோப்ரினென்தான் அதை உடைத்தார். வலையின் எந்தப் புள்ளியை எந்தக் கணு குறிக்கிறது என்பதை மரத்துக்குள்ளேயே பொதிந்து வைத்தார். எங்கே முக்கோணம் விழக்கூடும் என்பதைக் கிளைகளே முன்கூட்டிக் காட்டும்படி செய்தார். அந்த மரங்களில் ஹாரிங்டனின் ஃபோர்சிங் உத்தியைப் புதுக்கி ஓட்டினார். ஹென்சன் வலைக்குள் எந்த முடிவுள்ள வடிவத்தை எடுத்தாலும் தப்ப முடியாத நிறங்களின் எண்ணிக்கை முடிவுள்ளதே என்ற அவருடைய கட்டுரை 2020-ல் அச்சானது.

கொஞ்ச நாளிலேயே பிராகைச் சேர்ந்த யான் ஹுபிச்சுகா, வேறொரு பழைய தேற்றத்தைக் கொண்டு, ஃபோர்சிங் இல்லாமலே அதே முடிவுக்குச் சில பக்கங்களில் வந்துவிட்டார். இதை வைத்து முதல் வழி வீண் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஊர் அங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் குறுக்குப் பாதை போட முடியும். பிறகு இவர்கள் எல்லாம் சேர்ந்தே சரியான எண்களையும் எண்ணி முடித்தார்கள். ஹென்சன் வலையில் கோட்டால் இணைந்த ஜோடிகளுக்குத் தப்ப முடியாத நிறம் 2. கோடு இல்லாத ஜோடிகளுக்கு 5.